பட்டியலுக்குள் மாறியை வைக்க எந்த வழி: குவோட்டா, லிஸ்ட்டா, பேக்குவோட்டா?

லிஸ்ப் என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே போய் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. மாறியில் ஒரு மதிப்பு இருக்கிறது, அதைப் பட்டியலின் நடுவே வைக்க வேண்டும், ஆசை அவ்வளவுதான். கை தானாக இப்படித் தட்டும்:

(லெட் ((அ 5))
  '(1 அ 3))

(1 5 3) வரும் என்று காத்திருந்தால் (1 அ 3) வந்து நிற்கிறது. 5 தொலைந்துபோகவில்லை, அதை யாரும் கூப்பிடவே இல்லை.

என்ன செய்வது என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால் ஒருவர் "லிஸ்ட் போடு" என்பார், இன்னொருவர் "பேக்குவோட் போட்டு கமா வை" என்பார், மூன்றாமவர் "எவால் பண்ணிப் பார்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போய்விடுவார். மூன்றும் ஏதோ ஒரு நாளில் சரியான விடையைத் தரும் என்பதுதான் பிரச்சினை. அதனால் பலர் இதைத் தட்டச்சு வசதி பற்றிய கேள்வியாகவே வைத்துக்கொள்கிறார்கள், எது பார்க்க அழகாக இருக்கிறதோ அதைப் பழகிவிடுகிறார்கள். எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. பட்டியலில் மதிப்பு வந்து உட்கார்ந்ததா என்பது பாதிக் கேள்வி. அந்தப் பட்டியல் இப்போது புதிதாகப் பிறந்ததா, அல்லது நிரலின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றா என்பது மறுபாதி, ராத்தூக்கத்தைக் கெடுப்பது அந்த மறுபாதிதான்.

(ஒரு குறிப்பு. நிரலில் வரும் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது லெட், லிஸ்ட், டிஃபன் போன்றவற்றை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். மாறிப் பெயர்களைத் தமிழிலேயே விட்டாலும் காமன் லிஸ்ப் என்ற வகை லிஸ்பை ஓட்டும் எஸ்பிசிஎல்லோ, தனக்கென ஒரு லிஸ்ப் வைத்திருக்கும் ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியோ முகம் சுளிப்பதில்லை. ஒரு லாபம்கூட உண்டு: காமன் லிஸ்ப் சிம்பல்களை, அதாவது நிரலில் வரும் பெயர்களை, படிக்கும்போதே பெரிய எழுத்தாக்கிவிடும், தமிழில் அந்தத் தொல்லை கிடையாதே, போட்டது போட்டபடி திரும்பி வரும்.)

முதலில் குவோட். அந்த ஒற்றை மேற்கோள் குறியில் மந்திரம் எதுவும் இல்லை. '(1 அ 3) என்பது (குவோட் (1 அ 3)) என்பதன் சுருக்கம், நிரலைப் படிக்கும் கட்டத்திலேயே அது அப்படி விரிந்துவிடும். குவோட்டுக்கு ஒரே வேலை: உள்ளே இருப்பதை மதிப்பிடாமல், படித்தபடியே எடுத்துக் கையில் கொடுப்பது. லிஸ்பில் நிரலுக்கும் தரவுக்கும் ஒரே உருவம் என்பதால் இப்படி ஒரு தடுப்பு இல்லாமல் காலம் தள்ள முடியாது. ஜான் மெக்கார்த்தி 1960இல் லிஸ்பை விளக்கி வெளியிட்ட கட்டுரையிலேயே குவோட் இருக்கிறது. அதைப் போடாமல் (1 அ 3) என்று மொட்டையாக எழுதினால், 1 என்ற பெயருள்ள ஃபங்ஷனைக் கூப்பிடச் சொல்கிறீர்கள் என்று லிஸ்ப் எடுத்துக்கொள்ளும். எஸ்பிசிஎல் "இல்லீகல் ஃபங்ஷன் கால்" என்று முடித்துக்கொள்ளும், ஈமாக்ஸ் "இன்வேலிட்-ஃபங்ஷன்" என்று சொல்லிப் பக்கத்தில் 1 என்று காட்டும், ஜாவாவின் மேல் ஓடும் லிஸ்பான குளோஜர், லாங் என்ற ஜாவாவின் எண் வகையை ஃபங்ஷனாக்க முடியவில்லை என்று நீளமாகப் புலம்பும்.

தடுப்பு பட்டியல் முழுவதற்கும் சேர்த்துத்தான். மாறியை எத்தனை அடுக்கு ஆழத்தில் ஒளித்து வைத்தாலும் மேலே ஒரு குவோட் இருந்தால் உள்ளே எதுவும் மதிப்பிடப்படாது. இது பிடிபடாமல் '(1 'அ 3) என்று உள்ளே இன்னொரு மேற்கோளைச் செருகிப் பார்ப்பவர்கள் உண்டு, நானும் செருகியிருக்கிறேன். கிடைப்பது (1 (குவோட் அ) 3). பட்டியலுக்குள் இப்போது ஒரு குட்டிப் பட்டியல் வேறு.

அடுத்தது லிஸ்ட். இது ஒரு சாதாரண ஃபங்ஷன், அதுதான் இதன் பலம். எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் கொடுக்கிற ஒவ்வொன்றும் முதலில் மதிப்பிடப்பட்டுத்தானே உள்ளே போகிறது, இங்கேயும் அதே கதை:

(லிஸ்ட் 1 அ 3)

இது (1 5 3) தரும். மதிப்பு வேண்டாம், பெயரே வேண்டும் என்கிற இடத்தில் அந்த ஒன்றுக்கு மட்டும் குவோட்: (லிஸ்ட் 'வயது வயது) என்றால் (வயது 30) மாதிரி ஒன்று வரும். ஒவ்வோர் உறுப்புக்கும் "நீ பெயரா, மதிப்பா" என்று தனித்தனியாக முடிவு செய்கிறோம். புதிதாக மனப்பாடம் செய்ய ஒரு குறியும் இல்லை.

பேக்குவோட், அதாவது ` என்ற சாய்ந்த மேற்கோள் குறி, இதைத் தலைகீழாக்குகிறது. குவோட்போல எல்லாவற்றையும் நிறுத்தி வை, ஆனால் கமா போட்ட இடத்தை மட்டும் மதிப்பிட்டு நிரப்பு:

`(1 ,அ 3)

இதுவும் (1 5 3)தான். பழைய படிவத்தில் கோடிட்ட இடங்களை நிரப்புவது போன்றது. இந்த யோசனை கணினிக்காரர்களுடையதுகூட இல்லை, தத்துவ அறிஞர் குவைன் 1940இல் தர்க்கத்துக்காகக் கொண்டுவந்தது. ஸ்கீம் என்ற இன்னொரு வகை லிஸ்பின் ஆட்கள் இதை இன்றும் குவாசிகுவோட் என்றே கூப்பிடுகிறார்கள்.

மூன்று உறுப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. கொஞ்சம் பெரிதாக ஒன்றைப் பார்ப்போம், ஒரு அமைப்புப் பட்டியல் என்று வையுங்கள். (கான்ஸ் என்பது இரண்டு மதிப்புகளை ஓர் இணையாக்கும் ஃபங்ஷன், நடுவில் புள்ளி வைத்து எழுதுவது அந்த இணையைத்தான்.) லிஸ்ட் வழியில்:

(லிஸ்ட் (லிஸ்ட் 'சாளரம்
            (கான்ஸ் 'அகலம் அகலம்)
            (கான்ஸ் 'உயரம் 600)
            (கான்ஸ் 'தலைப்பு தலைப்பு))
      (லிஸ்ட் 'எழுத்து "தடித்தது" 12))

பேக்குவோட் வழியில்:

`((சாளரம்
   (அகலம் . ,அகலம்)
   (உயரம் . 600)
   (தலைப்பு . ,தலைப்பு))
  (எழுத்து "தடித்தது" 12))

முதலாவதில் 3 லிஸ்ட், 3 கான்ஸ், 5 மேற்கோள், ஆக 11 சங்கதிகளைக் கண் தாண்டிப் போக வேண்டும். இரண்டாவதில் 1 பேக்குவோட், 2 கமா. அதைவிட முக்கியமானது, இரண்டாவது எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படித்தான் விடையும் இருக்கும். வாசிப்பவர் மனசுக்குள் நிரலை ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. உருவம் பெரிது, ஓட்டைகள் குறைவு என்றால் பேக்குவோட்டை அடிக்க ஆளில்லை.

இதையே திருப்பிப் போடுங்கள். `(,பெயர் ,வயது ,எடை ,உயரம்) என்று எழுதுகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். நான்கும் மாறிகள், நான்குக்கும் கமா, பிறகு எதற்கு அந்தப் பேக்குவோட்? எல்லாவற்றையும் பூட்டிவிட்டு ஒவ்வொரு பூட்டாகத் திறப்பது மாதிரி. (லிஸ்ட் பெயர் வயது எடை உயரம்) என்று எழுதினால் வேலை முடிந்தது. பேக்குவோட் புதிதாகக் கற்றவர்களுக்கு ஒரு மோகம் வரும், கொஞ்ச நாள் எல்லா இடத்திலும் அதையே தெளிப்பார்கள், அப்புறம் தானே அடங்கும்.

பேக்குவோட் நிஜமாகவே ஜெயிக்கிற இன்னொரு இடம் ,@ என்ற ஒட்டு. ஒரு மாறியில் (2 3) என்ற பட்டியல் இருக்கிறது, அதன் பெயர் நடு. `(1 ,நடு 4) என்றால் (1 (2 3) 4), அடைப்புக்குறியோடு உள்ளே போகும். `(1 ,@நடு 4) என்றால் (1 2 3 4), அடைப்புக்குறி கழன்று கலந்துவிடும். லிஸ்ட்டால் இதைச் செய்ய முடியாது, (அப்பெண்ட் (லிஸ்ட் 1) நடு (லிஸ்ட் 4)) என்று சுற்றி வளைக்க வேண்டும். கலக்க வேண்டியது கடைசியில்தான் இருக்கிறது என்றால் காமன் லிஸ்பில் லிஸ்ட்* உண்டு, (லிஸ்ட்* 0 1 நடு) என்றால் (0 1 2 3). ஸ்கீமில் பல இடங்களில் இதே ஆள் கான்ஸ்* என்ற பெயரில் இருப்பார்.

இப்போது தவறு செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஒப்பிடும்போது யாரும் இதைப் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் பெரிய வித்தியாசம். லிஸ்ட்டில் மேற்கோள் போட மறந்து (லிஸ்ட் தலைப்பு 10) என்று எழுதிவிட்டீர்கள், அப்படி ஒரு மாறியே இல்லை என்றால் உடனே "அன்பவுண்ட் வேரியபிள்" என்று கத்தும். தவறு நடந்த வரியிலேயே மாட்டிக்கொள்வீர்கள், அது நல்லது. பேக்குவோட்டில் கமா போட மறந்தால் சத்தமே வராது. மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் பெயர் உட்கார்ந்துகொண்டு, பட்டியல் கை மாறி கை மாறி எங்கேயோ போய், அங்கே யாரோ அதோடு 1 கூட்டப் பார்க்கும்போது வெடிக்கும். வெடித்த இடத்திலிருந்து பின்னோக்கி நடந்து அந்த விடுபட்ட கமாவைத் தேட வேண்டும்.

கமா இருக்கிறது, ஆனால் பேக்குவோட்டுக்குப் பதில் வழக்கமான ஒற்றை மேற்கோளைப் போட்டுவிட்டீர்கள் என்றால் விளைவு மொழியைப் பொறுத்தது. காமன் லிஸ்ப் படிக்கும்போதே பிடித்துவிடும், பேக்குவோட்டுக்கு வெளியே கமாவுக்கு என்ன வேலை என்று கேட்கும். ஸ்கீமும் ஈமாக்ஸும் கேட்காது, கமாவையும் தரவாகவே விழுங்கிவிடும், ஏனென்றால் அங்கே ,அ என்பது (அன்குவோட் அ) மாதிரியான இன்னொரு பட்டியலுக்குச் சுருக்கம். சில எழுத்துருக்களில் ` இதற்கும் ' இதற்கும் வித்தியாசம் தெரியவே தெரியாது, அதனால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும். எழுத்துருவை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அப்படித்தான் தீர்ந்தது.

சரி, அந்த மறுபாதிக்கு வருவோம். இந்தப் பட்டியல் யாருடையது?

குவோட் போட்ட பட்டியல் நிரலின் ஒரு பகுதி. ஃபங்ஷனை நூறு முறை கூப்பிட்டாலும் நூறு முறையும் அதே ஒரு பட்டியலைத்தான் கொடுக்கும், நகல் எடுக்காது. யாரும் அதைத் தொடாதவரை ஒன்றும் ஆகாது. தொட்டால் நிரலையே திருத்தியது போல. நான் எழுதிய ஒரு அறிக்கை தயாரிக்கும் நிரலில் இப்படி ஒரு வரி இருந்தது:

(டிஃபன் தலைப்புடன் (வரிகள்)
  (என்கான்க் '(தலைப்பு) வரிகள்))

என்கான்க் நகல் எடுக்காமல் முதல் பட்டியலின் வாலிலேயே அடுத்ததை முடிந்துவிடும். முதல் அறிக்கைக்கு (1 2) கொடுத்தேன், (தலைப்பு 1 2) வந்தது, சந்தோஷம். இரண்டாவதுக்கு (3 4) கொடுத்தால் (தலைப்பு 1 2 3 4). முதல் அறிக்கையின் வரிகள் இரண்டாவதில் ஒட்டிக்கொண்டு வந்தன, மூன்றாவதில் இரண்டும் வந்தன. சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின, ஏனென்றால் ஒவ்வொரு சோதனையும் ஒரே ஒரு அறிக்கையைத்தான் தயாரித்துப் பார்த்தது. மூன்று மாலைகள் கோப்பு எழுதும் பகுதியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரே பட்டியலை அடுத்தடுத்து இரண்டு முறை கொடுத்திருந்தால் இன்னும் வேடிக்கை: வால் தன் தலையையே கவ்விக்கொண்டு முடிவில்லாத வட்டமாகிவிடும், அச்சிடப் போனால் நிற்கவே நிற்காது.

குவோட் போட்ட தரவை இப்படி மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று 1994இல் வந்த காமன் லிஸ்ப் தரநிலை தெளிவாகவே சொல்கிறது. எஸ்பிசிஎல் இந்த மாதிரி இடங்களைத் தொகுக்கும்போதே, மாறாத தரவைச் சிதைக்கிறாய் என்று எச்சரிக்கும். எச்சரிக்கைகளைப் படிக்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. ஸ்கீமிலிருந்து பிறந்த ராக்கெட் மொழியில் இந்தச் சண்டையே கிடையாது, அங்கே சாதாரண இணைகளை மாற்றவே முடியாது, மாற்ற வேண்டுமென்றால் எம்கான்ஸ் என்று தனி வகை.

லிஸ்ட் ஒவ்வொரு முறையும் புதிய பட்டியல் ஒன்றைக் கட்டித் தரும். அதை வெட்டலாம், ஒட்டலாம், வரிசைப்படுத்தலாம், அடுத்த முறை கூப்பிடும்போது மறுபடி புதியது. உள்ளே வைத்த உறுப்பே ஒரு பட்டியலாக இருந்தால் அந்த உறுப்பு மட்டும் பகிரப்படும், அதற்கு லிஸ்ட்டைக் குறை சொல்ல முடியாது.

பேக்குவோட் இரண்டும் கெட்டான். `(,அ 2 3) என்று எழுதினால் பார்வைக்கு முழுவதும் புதிதாகத் தோன்றும், ஆனால் தொகுப்பான் அதை (கான்ஸ் அ '(2 3)) என்று விரிக்கலாம், தரநிலை அதற்கு இடம் கொடுக்கிறது. அதாவது தலை புதிது, வால் நிரலின் உடம்பு. `(1 ,@நடு) என்று கடைசியில் ஒட்டினால் நடு என்ற பட்டியலே வாலாகிவிடலாம், இங்கே ஒன்றை மாற்றினால் அங்கேயும் மாறும். ஸ்கீமின் தரநிலையான ஆர்7ஆர்எஸ் அறிக்கையும் இதே சுதந்திரத்தைக் கொடுக்கிறது. எது புதிது எது பழையது என்பது நீங்கள் பயன்படுத்துகிற லிஸ்பின் விருப்பம், ஒரு பதிப்பில் ஓடியது அடுத்த பதிப்பில் ஓடாமல் போகலாம். எனவே பேக்குவோட்டில் கட்டியதைச் சிதைக்கும் எதற்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் காப்பி-ட்ரீ போட்டு நகலைக் கொடுங்கள்.

அப்படியானால் குவோட் எதற்கு? மாறியும் இல்லை, மாற்றமும் இல்லை என்கிற இடத்துக்கு. வாரத்தின் நாட்கள், அனுமதிக்கப்பட்ட கட்டளைகள், அந்த மாதிரி. சிலர் வேகம் என்பார்கள். 64-பிட் எஸ்பிசிஎல்லில் ஒரு கான்ஸ் செல், அதாவது பட்டியலின் ஒரு கண்ணி, 16 பைட், மூன்று உறுப்புள்ள பட்டியலைப் புதிதாகக் கட்ட 48 பைட். லட்சக்கணக்கில் சுழலும் உள்வட்டத்தில் இருந்தால் யோசியுங்கள், மற்றபடி இந்த 48 பைட்டை மிச்சம் பிடித்து யாரும் முன்னேறியதில்லை.

இன்னொரு எதிர்பார்ப்பையும் இங்கேயே உடைத்துவிடுகிறேன். லிஸ்ட்டோ பேக்குவோட்டோ, பட்டியலுக்குள் போவது மாறி இல்லை, அந்த நேரத்து மதிப்பு. பிறகு (செட்க்யூ அ 10) என்று மாற்றினாலும் பட்டியலில் 5 அப்படியே இருக்கும். பட்டியல் மாறியைத் தொடர வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு உண்மையில் தேவை பட்டியல் இல்லை, ஒரு ஃபங்ஷன். (லிஸ்ட் 1 (லாம்டா () அ) 3) என்று மூடி வைத்துவிட்டு, தேவைப்படும்போது அந்த லாம்டாவை ஃபன்கால் வழியாகக் கூப்பிடலாம். இல்லையென்றால் பட்டியலைக் கட்டும் வேலையையே ஒரு ஃபங்ஷனாக்கி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம், பெரும்பாலும் இதுதான் சுலபம்.

கொடுத்த தரவை நிரலாக எடுத்து மதிப்பிடும் எவால் பற்றி ஒரே பத்தி, அதற்கு மேல் அது தகாது. '(1 அ 3) என்று கட்டிவிட்டு ஒவ்வோர் உறுப்பாக எவாலுக்கு அனுப்பினால், அ உலகளாவிய மாறியாக இருக்கும்வரை விடை வரும். லெட்டில் கட்டிய மாறி என்றால் வராது, ஏனென்றால் காமன் லிஸ்பில் எவால் சுற்றியுள்ள உள்ளூர் மாறிகளைப் பார்ப்பதே இல்லை. பெயரைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் சிம்பல்-வேல்யூவும் அப்படித்தான். ஈமாக்ஸில் பழைய நாட்களில் இது ஓடியது, 2012இல் வந்த 24ஆம் பதிப்பு உள்ளூர் மாறி அது எழுதப்பட்ட இடத்துக்குள் மட்டும் செல்லும் லெக்சிகல் பைண்டிங்கைக் கொண்டுவந்ததிலிருந்து, அதை இயக்கிய கோப்புகளில் ஓடாது. பழைய பதில்களில் எவாலைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள்.

நீங்கள் எந்த லிஸ்பில் இருக்கிறீர்கள் என்பதும் முடிவை மாற்றும். வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் 1986இல் வந்த ஆட்டோலிஸ்ப் இருக்கிறதே, அதில் பேக்குவோட் கிடையாது. வரைபடக்காரர்கள்தான் இந்தச் சுவரில் அதிகம் மோதுபவர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே புள்ளி என்றாலே பட்டியல். '(எக்ஸ் ஒய் 0.0) என்று எழுதினால் எண்களுக்குப் பதில் இரண்டு பெயர்கள் போகும், ஆட்டோகேட் அதைப் புள்ளியாக ஏற்காது. (லிஸ்ட் எக்ஸ் ஒய் 0.0) என்பதே வழி. ஒரு கோட்டை உருவாக்கும்போது இரண்டையும் கலந்து எழுதுவது அங்கே வழக்கம்:

(என்ட்மேக் (லிஸ்ட் '(0 . "லைன்")
               (கான்ஸ் 10 தொடக்கம்)
               (கான்ஸ் 11 முடிவு)))

0 என்பது பொருளின் வகை, அது மாறப்போவதில்லை, அதனால் குவோட். 10, 11 இரண்டும் தொடக்க, முடிவுப் புள்ளிகள், அவை மாறியிலிருந்து வருகின்றன, அதனால் கான்ஸ். ஒவ்வோர் இணைக்கும் தனித்தனி முடிவு, பார்த்தாலே காரணம் தெரிகிறது. பேக்குவோட் இல்லாத குறையை நான் அங்கே பெரிதாக உணர்ந்ததில்லை. ஒன்றில் மட்டும் கவனம்: ஆட்டோலிஸ்பில் இல்லாத மாறியைக் கேட்டால் கத்தாது, 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் நில் என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். லிஸ்ட் சத்தமாகத் தவறும் என்று மேலே சொன்னேனே, அந்த நன்மை இங்கே கிடையாது, எழுத்துப்பிழை ஒன்று பேசாமல் நில் ஆகிவிடும்.

ஈமாக்ஸ் அமைப்புக் கோப்பு இதற்கு நேரெதிர். அங்கே எல்லாமே இணைப்பட்டியல்கள், பெரும்பாலும் நிலையானவை, நடுவில் ஒரே ஒரு கோப்புறைப் பெயர் மாறியில் இருக்கும். காப்புப் பிரதிகள் எங்கே போக வேண்டும் என்று சொல்வதற்கு:

(செட்க்யூ பேக்கப்-டைரக்டரி-அலிஸ்ட்
      `(("." . ,என்-கோப்புறை)))

இதையே ஒற்றை மேற்கோளில், கமா இல்லாமல் எழுதினால் அமைப்புக் கோப்பு எந்தப் புகாரும் இல்லாமல் ஏறிவிடும். சரம் வேண்டிய இடத்தில் சிம்பல் இருக்கிறது என்பது, யாரோ அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கும்போதுதான் வெளிவரும். இங்கே பேக்குவோட்தான் சரி, (லிஸ்ட் (கான்ஸ் "." என்-கோப்புறை)) என்பதும் தவறில்லை, ஆனால் பத்து வரி அமைப்புகளில் கண்ணைக் கட்டும்.

குளோஜர்காரர்கள் இதுவரை படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். 2007இல் வெளிவந்த அந்த மொழியில் ரிச் ஹிக்கி சதுர அடைப்புக்குறியை வெக்டருக்குக் கொடுத்தார், அதன் உள்ளே இருப்பது தானாக மதிப்பிடப்படும். [1 அ 3] என்றால் நேராக [1 5 3]. தரவுக்குப் பெரும்பாலும் வெக்டரும் மேப்பும்தான் என்பதால் கேள்வியே எழுவதில்லை. ஆனால் வேறு லிஸ்பிலிருந்து போய் அங்கே பேக்குவோட் போட்டால் இரண்டு அடி விழும். கமா அங்கே வெறும் இடைவெளிக்குச் சமம், அதன் வேலையை ~ செய்கிறது. அதோடு பேக்குவோட்டுக்குள் இருக்கும் சிம்பல்களுக்கு அது பெயர்வெளியை முன்னால் ஒட்டிவிடும், வயது என்று போட்டால் யூசர்/வயது என்று வரும். நிரலையே எழுதித் தரும் மேக்ரோவுக்கு அது அருமை, தரவுக்கு எரிச்சல். குளோஜரில் தரவு கட்ட பேக்குவோட் வேண்டவே வேண்டாம். அங்கிருந்து ஈமாக்ஸுக்கு வருகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: ஈமாக்ஸிலும் [1 அ 3] எழுதலாம், பார்க்க அச்சு அசல் அதேதான், ஆனால் உள்ளே எதுவும் மதிப்பிடப்படாது. (வெக்டர் 1 அ 3) என்று எழுத வேண்டும்.

மேக்ரோ எழுதும்போது தராசு மொத்தமாக பேக்குவோட் பக்கம் சாயும். அங்கே கட்டுகிற பட்டியலே நிரல்தான், அதனால் விடையின் உருவம் கண்ணில் தெரிவது வசதி மட்டும் இல்லை, தேவை:

(டிஃப்மேக்ரோ இல்லாவிட்டால் (நிபந்தனை &ரெஸ்ட் உடல்)
  `(இஃப் ,நிபந்தனை நில் (ப்ரோக்என் ,@உடல்)))

இதே உடம்பை லிஸ்ட்டில் எழுதினால் (லிஸ்ட் 'இஃப் நிபந்தனை 'நில் (கான்ஸ் 'ப்ரோக்என் உடல்)). ஓடும், ஆனால் பத்து வரி மேக்ரோவை இப்படி எழுதிவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள். இங்கே விரிந்த பட்டியலை யாரும் சிதைப்பதும் இல்லை, அதனால் பகிர்வுப் பயமும் குறைவு. மேக்ரோ எழுத உட்கார்ந்தால் யோசிக்காமல் பேக்குவோட்தான்.

ஒரே விதிவிலக்கு, மேக்ரோவே இன்னொரு மேக்ரோவை எழுதும் இடம். பேக்குவோட்டுக்குள் பேக்குவோட், அதற்குள் ,',அ மாதிரி ஒன்று. எந்தக் கமா எந்த அடுக்கைத் திறக்கிறது என்று விரல் விட்டு எண்ணவேண்டியிருக்கும். விதி எளிதுதான், இடப்பக்கம் முதலில் வரும் கமா உள் பேக்குவோட்டுக்கு, அதற்கு அடுத்து வருவது வெளி பேக்குவோட்டுக்கு. படிக்கும்போது புரியும், எழுதும்போது கழன்றுவிடும். அந்த இடத்தில் நான் உள் அடுக்கைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து எடுத்து, அதில் பழையபடி லிஸ்ட்டையே போட்டுக்கொள்கிறேன்.

அந்த அறிக்கை நிரலைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. '(தலைப்பு) என்பதை (லிஸ்ட் 'தலைப்பு) ஆக்கினேன், ஒட்டிக்கொண்டு வந்த பழைய வரிகள் நின்றுவிட்டன. ஆனால் வட்டம் சுற்றும் ஆபத்து முழுவதும் போகவில்லை, என்கான்க் கடைசியில் வருவதை நகல் எடுக்காமல் அப்படியே மாட்டிவிடும், திரும்பி வந்ததன் வாலை வேறு யாராவது சிதைத்தால் என் வரிகளும் சேர்ந்து சிதையும். இப்போது அங்கே (கான்ஸ் 'தலைப்பு (காப்பி-லிஸ்ட் வரிகள்)) என்று இருக்கிறது.